சட்டம் கேட்பது நாலு வரி

ஆஸ்திரேலியாவில் நடக்கும் கல்யாணங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றை ஐயரோ பாதிரியாரோ நடத்திவைப்பதில்லை. என்னைப் போன்ற ஒருவர்தான் நடத்திவைக்கிறார். பூங்காவில், கடற்கரையில், திராட்சைத் தோட்டத்தில், சில சமயம் வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில். செலிபிரன்ட் என்பார்கள். அரசாங்கச் சம்பளம் கிடையாது. ஆனால் அரசாங்கப் பதிவேட்டில் எங்கள் பெயர் இருக்கும், நாங்கள் முடித்துவைக்கும் கல்யாணம் சட்டப்படி செல்லும். மெல்போர்னில் இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். இதற்கு எங்கே படிக்கலாம், என்ன வருமானம் வரும் என்று கேட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது அடிக்கடி போன் செய்கிறார்கள். போனில் பாதிதான் சொல்ல முடிகிறது.

நான் இதற்குள் வந்தது மொழிபெயர்ப்பாளராக. தொண்ணூறுகளின் கடைசியில் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் தமிழ் பேசப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை இங்கேயே வளர்ந்தவர். பெண் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என்ன சொல்லப்படுகிறது என்பது மணமக்களுக்கு விளங்க வேண்டும். விளங்காது என்றால் மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் நடத்த வேண்டும். முடிந்ததும், உள்ளபடி மொழிபெயர்த்தேன் என்று அவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

நடத்திவைத்தவர் எழுபதை நெருங்கிய ஒரு வெள்ளைக்கார அம்மா. ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார். நான் தமிழில் சொல்லி முடிக்கும் வரை என்னைப் பார்க்கமாட்டார், பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அது அவளுக்குள் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வாக்கியம். எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. பெண்ணின் தாயார் என் கையைப் பிடித்து, “இவ்வளவுதானோ பிள்ளை? முடிஞ்சுதோ?” என்று கேட்டார்.

முடிந்துதான் விட்டது. இந்த நாட்டின் 1961ஆம் வருடத்துக் கல்யாணச் சட்டம் கேட்பது மொத்தம் நாலு வரி. எனக்கு இந்த அதிகாரம் உண்டு என்பதையும், கல்யாணம் என்றால் சட்டத்தில் என்ன பொருள் என்பதையும் செலிபிரன்ட் சொல்ல வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய இரண்டு சாட்சிகளின் முன்னால் இவரை என் சட்டப்படியான கணவராக, மனைவியாக ஏற்கிறேன் என்று மணமக்கள் ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்ல வேண்டும். மோதிரம், மாலை, தாலி, முத்தம் எதுவும் சட்டத்தில் இல்லை. இன்று முதல் நீங்கள் கணவன் மனைவி என்று நாங்கள் கம்பீரமாக அறிவிக்கிறோமே, அதுகூடச் சபைக்காகத்தான். கல்யாணம் அதற்கு முன்பே, அவர்கள் சொல்லி முடித்த நொடியிலேயே ஆகிவிட்டது.

எனக்கு இது புதிதாக இருக்கவில்லை. திருச்சிப் பக்கம் எங்கள் சித்தப்பா செய்துகொண்டது சீர்திருத்தக் கல்யாணம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், அல்லது மாலையோ மோதிரமோ மாற்ற வேண்டும், அல்லது தாலி கட்ட வேண்டும். புரோகிதர் தேவையில்லை. அங்கே தலைமை தாங்க வருகிறவர் இரண்டு மணி நேரம் பேசுவார், பசியில் கூட்டம் நெளியும். அந்த நினைவு எனக்கு இங்கே நன்றாக உதவியது.

1973க்கு முன்பு இங்கே சர்ச் வேண்டாம் என்பவர்கள் பதிவு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். விவாகரத்தானவர்களைப் பல சர்ச்சுகள் சேர்க்காது. அலுவலக நேரத்தில், வரிசையில் நின்று, முன்னால் போன ஜோடியின் கலர்க் காகிதத்தை மிதித்துக்கொண்டு உள்ளே போய்வர வேண்டும். பிரதமர் விட்லம் அரசில் அட்டர்னி ஜெனரலாக இருந்த லயனல் மர்ஃபிக்கு இது பிடிக்கவில்லை. மதகுருமார் அல்லாதவரையும் நியமிக்கச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருந்தது, யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. 1973 ஜூலை 19 அன்று லோயிஸ் டார்சி என்ற குயின்ஸ்லாந்து ஆசிரியையை அவர் நியமித்தார். அதிகாரிகள் இழுத்தடித்ததால் மர்ஃபியே ராத்திரி ஆபீசுக்கு வந்து கடிதத்தைத் தட்டச்சு செய்து தபாலில் போட்டார் என்று எங்கள் தொழிலில் ஒரு கதை வழிவழியாக வருகிறது. மூத்தவர்கள் அதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

அதன் பிறகு முப்பது வருடம் நியமனம்தான். இந்த வட்டாரத்துக்கு இன்னொருவர் தேவையா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 2003 செப்டம்பர் முதல் தேதி அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். தகுதியும் நன்னடத்தையும் உள்ள எவரும் பதிவு செய்துகொள்ளலாம் என்றானது. அந்த வெள்ளைக்கார அம்மாதான் போன் செய்து, நீ ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார்.

அப்போது ஒரே ஒரு பாடப்பிரிவை முடித்தால் போதும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எழுபதுகளில் நியமனம் பெற்றவர். வகுப்பில் பாதி நேரம் எங்களைக் கார் நிறுத்துமிடத்தில் நிற்கவைத்து, லாரி போகும் சத்தத்துக்கு நடுவே வாசிக்கச் சொல்வார். காற்றடித்தால் தாள் பறக்கும், ஆகவே கெட்டி அட்டைக் கோப்பு. ஒலிபெருக்கிக்கு மாற்று பேட்டரி. சூரியன் மணமக்களின் கண்ணில் அடிக்கக் கூடாது, உன் கண்ணில் அடித்தால் பரவாயில்லை. முத்தம் கொடுக்கப் போகிறார்கள் என்றால் இரண்டடி விலகு, வாழ்நாள் முழுக்க அவர்கள் பார்க்கப்போகும் போட்டோவில் நடுவே நீ நிற்காதே. இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

2010இலிருந்து செலிபிரன்சிக்கென்று சர்டிபிகேட் ஃபோர் என்ற படிப்பைப் படித்தாக வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பிடிக்கும். சட்டம், சடங்கு எழுதுதல், மேடைப் பேச்சு, தொழில் நடத்துதல் எல்லாம் உண்டு. முடித்த பின் அட்டர்னி ஜெனரல் துறைக்கு மனு, கட்டணம், குற்றப் பின்னணிச் சோதனை. பதிவான பின்பும் வருடந்தோறும் தொடர்பயிற்சி. எங்கள் காலத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் படித்துவிட்டு வருகிறவர்களில் பலர் மேடையில் நன்றாகப் பேசுகிறார்கள், படிவத்தைத்தான் அசட்டையாக நிரப்புகிறார்கள். பேச்சு சுமாராக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பெயரில் ஓர் எழுத்து தவறினால் பாஸ்போர்ட் ஆபீசில் ஒரு குடும்பம் அலைய வேண்டும்.

தமிழ்ப் பெயர் என்றாலே தலைவலிதான். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், நமக்கு அது கிடையாது. ஒருவருக்கு இனிஷியல் மட்டும். ஒருவருக்கு அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் முன்னால், பிறப்புச் சான்றிதழில் பின்னால், ஓட்டுநர் உரிமத்தில் காணவே காணோம். ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களும் வருவார்கள். இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பிரித்துப் போட்டது, இங்கே குடியுரிமை வாங்கும்போது சேர்த்துப் போட்டது என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் மேசையில் கிடக்கும். இலங்கையிலிருந்து சண்டைக் காலத்தில் வந்த பெரியவர்களிடம் பிறப்புச் சான்றிதழே இருக்காது. பாஸ்போர்ட்டும் இல்லை என்றால், ஏன் கிடைக்கவில்லை, எங்கே எப்போது பிறந்தேன் என்று சத்தியக் கூற்று எழுதிக் கையெழுத்திடச் சட்டம் வழி விட்டிருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்குள் சிலர் தங்கள் ஊர்க் கதை முழுவதையும் சொல்லிவிடுவார்கள். அவசரப்படுத்தக் கூடாது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்ற விவரம் அந்தக் கதைக்குள்தான் இருக்கும்.

அடுத்தது தேதி. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்ற அறிவிப்புப் படிவம் செலிபிரன்ட் கைக்கு ஒரு மாதம் முன்பாவது வந்துசேர வேண்டும். பதினெட்டு மாதத்துக்கு மேல் முந்தியும் இருக்கக் கூடாது. “போன மாசத் தேதி போட்டுக்குடுங்க அக்கா, நம்மாளுங்கதானே” என்று கேட்காத வருடம் கிடையாது. ஊரிலிருந்து பெரியப்பா வந்திருப்பார், அவர் விசா முடியப்போகும், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டிருக்கும். இரக்கமாகத்தான் இருக்கும். ஆனால் காலத்தைக் குறைக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. பயணம், நோய், வழக்கு என்று சட்டம் ஒப்புக்கொள்ளும் சில காரணங்களுக்கு, அதற்கென்று அதிகாரம் பெற்றவரிடம் போய்க் கேட்க வேண்டும். முன்தேதி போட்டுக் கொடுப்பவர் இந்தத் தொழிலில் நீடிக்க முடியாது, நீடிக்கவும் கூடாது.

நம்மவர்கள் முகூர்த்தம் பார்ப்பதில் இன்னொரு வேடிக்கை. சென்னையில் அச்சடித்த நாள்காட்டியை மெல்போர்ன் சமையலறையில் மாட்டிவைத்து, அதில் உள்ள ராகுகாலத்தை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். ராகுகாலம் உள்ளூர்ச் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது. இங்கே கோடையில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். ஞாயிறு மாலை நாலரையிலிருந்து ஆறு ராகுகாலம் என்று தாத்தா பிடிவாதமாக இருப்பார். குளிர்காலத்தில் போட்டோக்காரருக்கு வெளிச்சம் நன்றாக வருவதும் நாலரை மணிக்குத்தான், ஐந்தேகாலுக்குள் இருட்டிவிடும். இப்படிப்பட்ட வழக்குகளில் நான் தாத்தா பக்கம்தான் நிற்பேன். போட்டோ மூன்றரைக்கும் எடுக்கலாம், தாத்தா மனம் கோணினால் அவர் வாய்விட்டு வாழ்த்தமாட்டார்.

சிரிக்க முடியாத வீடுகளும் உண்டு. ஆளும் ஊரும் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. இரண்டு குடும்பமும் சேர்ந்து வந்திருந்தார்கள். நான் பெண்ணிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் அப்பாவே பதில் சொன்னார். பிறந்த தேதியைக்கூட. தனியாக ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றேன். சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “நான் வேண்டாம்னு சொன்னதா அப்பாகிட்ட சொல்லிடாதீங்க.” வெளியே வந்து, இந்தக் கல்யாணத்தை என்னால் நடத்த முடியாது என்று மட்டும் சொன்னேன். காரணம் கேட்டுக் கோபப்பட்டார்கள், நான் சொல்லவில்லை. உதவி கிடைக்கும் இடத்தின் எண் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது. கட்டாயக் கல்யாணம் இந்த நாட்டில் 2013 முதல் கிரிமினல் குற்றம். கல்யாணத்துக்கு முன் இருவரையும் தனித்தனியே நேரில் சந்தித்தாக வேண்டும் என்று 2024இல் சட்டமே சொல்லிவிட்டது. அதற்கு முன்பு அது எங்கள் மனசாட்சிக்கு விட்ட விஷயமாக இருந்தது. புதிதாக வருகிறவர்கள் இந்தச் சந்திப்பை ஒரு சம்பிரதாயமாக முடித்துவிடக் கூடாது. யாரிடம் கேட்டதற்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

அந்த நாலு வரியும் மாறாமல் இருந்ததில்லை. கல்யாணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது என்று நான் பல வருடம் மனப்பாடமாகச் சொல்லிவந்தேன். அதைச் சொல்லும்போது முன்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். மணமகளின் அண்ணனோ மணமகனின் சிநேகிதியோ அங்கே இருப்பார்கள். எங்கள் சிநேகிதர்களுக்கும் இந்த உரிமை வரும் என்று நம்புகிறோம் என ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள் என்று மணமக்களே கேட்பது வழக்கமாகிவிட்டிருந்தது. 2017 நவம்பரில் தபால் கருத்துக்கணிப்பின் முடிவு வந்தது, 61.6 சதவீதம் ஆதரவு. டிசம்பர் 9, சனிக்கிழமை, புதிய சட்டம் அமலுக்கு வந்தது. அன்று மத்தியானம் எனக்கு ஒரு கல்யாணம் இருந்தது. வெள்ளிக்கிழமை வரை சொல்லிவந்த வாக்கியத்தைச் சனிக்கிழமை சொன்னால் தவறு. ஆணும் பெண்ணும் என்ற இடத்தில் இரண்டு நபர் என்று தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு போனேன். அன்று காலையிலேயே அறுபது வயதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் நிரப்பிய படிவத்தோடு வாசலில் நின்றார்கள். ஒரு மாத விதி அவர்களுக்கும் உண்டு. இத்தனை வருடம் காத்திருந்தவர்கள் ஜனவரி 9 வரையும் காத்திருந்தார்கள்.

கொரோனா காலத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 2020 மார்ச்சில் கல்யாணத்துக்கு ஐந்து பேர்தான் என்றார்கள்: மணமக்கள், இரண்டு சாட்சி, நான். ஐந்நூறு பேருக்கு மண்டபம் பிடித்தவர்கள் தோட்டத்தில் ஐந்து பேராக நின்றார்கள். அதில் பலரும், இதுவே நன்றாக இருந்தது என்று பின்னால் சொன்னார்கள். அவர்கள் பெற்றோர் அப்படிச் சொல்லவில்லை.

இத்தனையும் கல்யாணக் கதை. நான் தொழில் கற்றுக்கொண்டது சாவு வீட்டில். இறுதிச் சடங்கு நடத்த இந்த நாட்டில் பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். சட்டம் ஒரு வரிகூடக் கேட்பதில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாததால்தான் அது கடினம். கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருக்கும். இங்கே இறுதிச் சடங்கு நிறுவனத்திலிருந்து திங்கட்கிழமை போன் வரும், வியாழக்கிழமை ஸ்பிரிங்வேல் தகனக்கூடத்தில் முக்கால் மணி நேரம் கிடைத்திருக்கும். அதற்குள் பேச்சு, பாட்டு, படக்காட்சி, வாய்க்கரிசி எல்லாம் அடங்க வேண்டும். அடுத்த குடும்பம் வெளியே கறுப்புக் காரில் காத்திருக்கும். உள்ளே கற்பூரம் கொளுத்தலாமா என்று முதல் நாளே கேட்டுவைக்க வேண்டும். இலங்கைச் சைவக் குடும்பம் என்றால் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பதற்கு எவ்வளவு நேரம் என்று குருக்களிடம் பேசி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில், அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்பேன். நல்ல மனுஷன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்பார்கள். எல்லா வீட்டிலும் அதே பதில். பிறகு கேள்வியை மாற்றினேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் முதலில் என்ன செய்வார்? செருப்பை எங்கே விடுவார்? யாரோடு சண்டை போடுவார்? அதன் பிறகு பேச்சு நிற்காது.

ஒரு பெரியவர், ஊரில் இடதுசாரிக் கட்சியில் இருந்தவர். எனக்கு ஐயரும் வேண்டாம் தேவாரமும் வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். மனைவிக்குத் தேவாரம் இல்லாமல் அனுப்ப மனமில்லை. பிள்ளைகள் அப்பா எழுதியதைக் காட்டினார்கள், அம்மா பேசாமல் அழுதார். நான் அந்த அம்மாவிடம், நீங்கள் காலையில் வீட்டில் தேவாரம் பாடும்போது அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். “ரேடியோவைக் குறைச்சு வைப்பார்” என்றார். அதைத்தான் வியாழக்கிழமை சபையில் சொன்னேன். ஐம்பது வருடம் தான் நம்பாத பாட்டுக்காக ரேடியோவைக் குறைத்துவைத்த மனிதர் இவர், அந்தப் பாட்டை இப்போது அவர் மனைவி பாடுவார் என்றேன். பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவன் எழுந்து போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டான்.

கல்யாண மேடையில் கைதட்டல் கிடைக்கும். அது நம்மைக் கெடுக்கும். சாவு வீட்டில் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை, ஆனால் ஒரு தம்பியின் பெயர் விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குப் பகை. ஆகவே உறவினர் பெயர்ப் பட்டியலை எழுதி, குடும்பத்துக்கு அனுப்பி, சரி என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகே நான் வாசிப்பேன். இந்தப் பழக்கம்தான் பிறகு கல்யாணப் படிவங்களிலும் என்னைக் காப்பாற்றியது.

வருமானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிவுபெற்ற செலிபிரன்ட் இன்று நாடு முழுக்கப் பத்தாயிரம் பேருக்கு மேல். எல்லாருக்கும் வேண்டியது அதே சனிக்கிழமை. பதிவைத் தக்கவைக்க வருடக் கட்டணம் 240 டாலர் என்று வைத்தார்கள். அதற்கு மேல் ஒலிபெருக்கி, காப்பீடு, பெட்ரோல், தொடர்பயிற்சி. வருடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் கல்யாணம் செய்து, கையிலிருந்து போட்டுவிட்டு விலகியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் இதை மட்டும் நம்பி இருந்ததில்லை, மொழிபெயர்ப்பு வேலையை இன்னும் விடவில்லை.

படிக்க நினைக்கும் பிள்ளைகளே, பணம் கட்டும் முன் அந்தப் பயிற்சி நிறுவனத்துக்கு இன்றைய தேதியில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிற வேலையை விடாதீர்கள். சர்டிபிகேட் கையில் வரும் வரை காத்திருக்காமல், உங்கள் வட்டாரத்து இறுதிச் சடங்கு நிறுவனத்தில் போய், தமிழ் தெரியும், வார நாளில் வர முடியும் என்று பெயர் கொடுத்துவையுங்கள். தொண்ணூறுகளில் வந்து இறங்கிய நம் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். இதற்குத்தான் இந்த ஊரில் ஆள் போதவில்லை.